ஏழாவது அலையில் கை வரும் என்று எழுதினேன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். பெரிய பெரிய அனுபவம் உள்ளவர்கள் எழுதும் இந்தப் பகுதியில் எழுத எனக்கு என்ன தகுதி என்று பல மாதம் தள்ளிப்போட்டேன். ஆனால் நான் செய்த தப்பே எழுதிச் செய்த தப்புதான். அதனால் அதை எழுதியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆவணி மாத அமாவாசை அன்று, புதுச்சேரி கடற்கரையில் நடந்தது இது.

நான் முதலியார்பேட்டையில் ஒரு டி.டி.பி. கடையில் டைப் அடிக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம் என்று அடுத்தவர் சொல்வதை அடித்தே இருபது வருடம் ஓடிவிட்டது. மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் எனக்காகவே ஒரு கதை அடிக்க ஆரம்பித்தேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குக் கடலில் போனவர்களின் குரல் கேட்கிறது. அதுதான் கதை. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பேய்க்கதை என்றால் உயிர். பயந்துகொண்டே படிப்பேன், படித்துவிட்டுத் தனியாகக் கொல்லைப்பக்கம் போகமாட்டேன். அந்த மாதிரி ஒரு கதையை ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத வேண்டும் என்று ஆசை.

எழுதி முடிக்க எட்டு மாதம் ஆனது. எந்தப் பதிப்பகத்துக்கும் அனுப்பத் தைரியம் இல்லை. அட்டைப்படத்தை நானே செய்தேன். எங்கள் ஓனர் தெரிந்த அச்சகத்தில் சொல்லி நூறு பிரதி போட்டுக் கொடுத்தார். வேறு ஒரு பெயரில்தான் போட்டேன். பின்னட்டையில் மட்டும், புத்தகம் வேண்டுவோர் கேட்கட்டும் என்று என் போன் நம்பரைக் கொடுத்தேன். செல்போனில் படிக்கிற ஒரு செயலியிலும் ஏற்றினேன்.

அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் ஓனர் கதையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதல் பக்கத்துல உண்மைச் சம்பவம்னு போடும்மா. பேயே வந்து கேஸ் போடப்போவுதா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. போட்டுவிட்டேன்.

கதையில் ஒரு வழக்கம் வரும். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களின் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, அமாவாசை உச்சி நேரத்தில், கடற்கரைச் சாலையின் தெற்குக் கடைசியில் பாறை வரிசை உள்ளே வளைந்திருக்கும் இடத்தில் இறங்கி, தண்ணீருக்கு மேலே தெரியும் கடைசிப் பாறையில் நிற்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட வேண்டும். பிறகு அலைகளை எண்ண வேண்டும். ஏழாவது அலையில் ஒரு கை வரும். பயப்படாமல் ஒரு பாறை கீழே இறங்கி அந்தக் கையைப் பிடித்தால், கேட்டதற்குப் பதில் கிடைக்கும். "எங்கள் கரையில் வழிவழியாக இருக்கும் வழக்கம்" என்று எழுதியிருந்தேன். அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் கிடையாது. ஒரு மத்தியானம் நான் உட்கார்ந்து கட்டியது. அந்தப் பாறைகளில் நான் இறங்கியதுகூட இல்லை. மேலே நின்று பார்த்ததோடு சரி.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில் முப்பது பிரதி வைத்தேன். பத்து நாளில் தீர்ந்துவிட்டது, இன்னும் முப்பது கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். தூக்கம் வரவில்லை அக்கா, அடுத்த பாகம் எப்போது அக்கா என்று. வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ என்னைத் தேடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களில் ஒரு பெண் மட்டும் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த வழக்கம் நிஜம்தானாக்கா? எங்க ஊருல யாருக்கும் தெரியல" என்று கேட்டிருந்தாள். நான் ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை. பொய் என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று வெட்கமாக இருந்தது. கடைசியில் "நிஜம்தாம்மா" என்று அடித்து அனுப்பிவிட்டேன். அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அமாவாசை வந்தது. வீட்டில் படையல் போட்டுவிட்டுக் கடைக்குத் தாமதமாகப் போனேன். போனைக் கையில் எடுத்தபோது பதினொன்றரை மணி. காலை ஆறு மணிக்கே அந்தப் பெண் அனுப்பியிருந்தாள்.

"அக்கா இன்னிக்கு அமாவாசை. அப்பா கடலுக்குப் போய் ஒரு வருஷம் ஆவுது. கூடப் போன ரெண்டு பேரு வந்துட்டாங்க. மாமாங்க போட்டோவுக்கு மாலை போடணும்னு சொல்றாங்க. அம்மா கூடாதுன்னு சண்டை போடுறாங்க. அப்பாகிட்டயே கேட்டுடலாம்னு சட்டைய எடுத்துட்டேன். ஸ்கூலுக்குப் போவல. பன்னண்டு மணிக்கு எறங்கறேன். நான் பயப்பட மாட்டேன்."

பயப்பட மாட்டேன் என்பது அவள் வார்த்தை இல்லை. என் கதையில் அந்தப் பெண் கீழ்ப்பாறைக்கு இறங்குவதற்கு முன் சொல்வது.

அந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் ஒரே இரைச்சல், யாரோ வஞ்சிரத்துக்கு விலை கேட்கிறார்கள். அது அந்தப் பெண்ணின் அம்மா. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். மகள் காலையில் அம்மாவின் போனிலிருந்து அனுப்பிவிட்டு அழித்திருக்கிறாள்.

உங்கள் மகள் பள்ளிக்கூடம் போனாளா என்று கேட்டேன். "நீ யாரும்மா அதக் கேக்க?" என்றார். நான் ஒரு புத்தகம் எழுதினவள் என்று எந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? திக்கித் திக்கி, அவள் அப்பா சட்டையோடு கடற்கரைப் பாறைக்குப் போயிருக்கிறாள், தெற்குக் கடைசி, உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுபக்கம் தட்டு கவிழ்ந்த சத்தம் கேட்டது.

ஓனரிடம் சொல்லாமலே தெருவில் ஓடி ஒரு ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்த வெயில்ல பீச்சுக்கா யக்கா? காக்காகூட இருக்காதே" என்றார். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்ற நிமிடங்களை என்னால் இன்றைக்கும் விவரிக்க முடியாது. மடியில் என் புத்தகம் ஒன்று இருந்தது. கடையிலிருந்து எப்படிக் கையோடு வந்தது என்றே தெரியவில்லை. அந்த வழக்கம் வரும் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, அவள் எந்த வழியாக இறங்குவாள் என்று தேடினேன். உலகத்திலேயே அந்தப் பிள்ளை எங்கே நிற்பாள் என்று சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏனென்றால் அவளை அங்கே அனுப்பியதே நான்.

கடற்கரைச் சாலை காலியாகக் கிடந்தது. காலையில் தர்ப்பணம் கொடுத்தவர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். வெயிலில் பாறைகள் கறுப்பாக மின்னின. அவள் யூனிபார்மில் இருந்ததால் மேலிருந்தே தெரிந்தாள். கடைசிப் பாறையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு நீலச் சட்டையை மார்போடு பிடித்தபடி நின்றாள். ஒவ்வொரு அலை வந்து மோதும்போதும் அவள் தலை லேசாக அசைந்தது. எண்ணுகிறாள்.

எத்தனை எண்ணினாள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் பெரிய பயம். அவளைக் கூப்பிடலாம் என்றால் பேர் தெரியாது. "பாப்பா" என்று கத்தினேன். சத்தமே எழும்பவில்லை, அலை விழுங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

நாலாவது பாறையிலேயே கால் வழுக்கியது. அங்கே பாசி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் கதையில் அந்தப் பெண் படிக்கட்டு மாதிரி இறங்கிப் போவாள். வலது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் வரை போய் மாட்டிக்கொண்டது. அலை வந்து முகத்தில் அறைந்தது, மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். நான் அலறினேன். அவளைக் காப்பாற்ற அலறியதாகச் சொன்னால் அது பொய். உயிர்ப்பயத்தில் அலறினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த அலைக்குள் பாறை பாறையாகத் தாவி என்னிடம் வந்துவிட்டாள். ஒரு கையால் என் தோளைப் பிடித்தாள். அது போதவில்லை. இன்னொரு கையில் இருந்த சட்டையைப் பாறைமேல் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் அக்குளில் பிடித்தாள்.

"அசையாதீங்க. தண்ணி ஏறட்டும், அப்ப காலு லேசாவும். நான் சொல்றப்ப இழுங்க."

பதினாலு வயதுப் பிள்ளை. குரலில் நடுக்கமே இல்லை. தண்ணீர் ஏறியது, இழுங்க என்றாள், இழுத்தேன். கால் வந்துவிட்டது. முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டு பேரும் மேல்பாறைக்கு ஏறி உட்கார்ந்தோம். அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். சட்டை இல்லை. கொஞ்ச தூரத்தில் நீலமாக ஒருதடவை தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

அவள் அழவில்லை. "அஞ்சு எண்ணிட்டேன். நீங்க கத்திட்டீங்க" என்றாள். பிறகு அவளாகவே, "பரவால்ல. இன்னொரு சட்டை வீட்டுல இருக்குது. அடுத்த அமாவாசைக்கு வரேன்" என்றாள்.

எனக்கு அப்போது வந்த பயம், கால் மாட்டியபோது வந்ததைவிடப் பெரியது. மழுப்பிச் சொல்ல என் வாயில் ஒரு பொய் தயாராகவும் இருந்தது. இந்த இடத்தில் ஒரு தடவைதான் கேட்கலாம், நீ கேட்டுவிட்டாய், இனி வரக்கூடாது என்று சொல்லிவிட்டால் நம்பிவிடுவாள். என் மானமும் தப்பிக்கும். ஆனால் நம்புகிற அந்த முகத்தைப் பார்த்தபடி இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

நான்தான் அந்தப் புத்தகத்தை எழுதினவள் என்றேன். அந்த வழக்கத்தை நானே கட்டினேன் என்றேன்.

"உண்மைச் சம்பவம்னு போட்டிருந்துதே?"

"பொய்ம்மா."

"நான் கேட்டப்ப நிஜம்னு சொன்னீங்களே?"

"அதுவும் பொய்தாம்மா."

"அப்ப எங்க அப்பா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். என் எழுத்து வேலையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அவள் அப்போதுதான் அழுதாள். தொடவும் பயமாக இருந்தது, தொடாமல் இருக்கவும் முடியவில்லை. என் முந்தானையைப் பிழிந்து, முகம் துடைக்க அதன் நுனியை அவள் கையில் கொடுத்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

அவள் அம்மா மார்க்கெட்டிலிருந்து ஓட்டமாகவே வந்திருக்கிறார். கையெல்லாம் மீன் செதில். மகளைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் என் கால் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா இவள கடல் பக்கம் வுடாம வச்சிருந்தேன். நீ ஒரு புத்தகத்த போட்டு இங்க கொண்டாந்து நிறுத்திட்ட" என்றார். சத்தம் போடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலடி போனதும் நின்று, "காலுக்கு ஊசி போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே செயலியிலிருந்து கதையை எடுத்தேன். கடையில் மீதியிருந்த பிரதிகளை வாங்கிவந்தேன். ஆனால் விற்றுப்போனவை யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை படித்துவிட்டு இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கும். அதனால் அமாவாசைதோறும் பதினொன்றரை மணிக்கு ஓனரிடம் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போகிறேன். ஒரு மணி வரை அந்தப் பாறைகளுக்கு மேலே நிற்பேன். இதுவரை யாரும் வரவில்லை. மற்றவர்களைப் பயமுறுத்த ஆசைப்பட்டு எழுத வந்த எனக்கு, நான் எழுதியதை யாராவது நம்பிவிடுவார்களோ என்ற பயம்தான் மிச்சம். அது என்னைவிட்டுப் போகவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

பாறையில் அது நடந்ததற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா போன் செய்து, பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.