போயிட்டு வாரேனுங்க

என் வீட்டுக்காரர் பாலுசாமிக்கு எதையும் அடித்துக் கேட்கத் தெரியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் இருபது வருசத்துக்கு மேல் லேத் ஓட்டியவர். இடுப்பு வலி தாங்காமல் ஆகஸ்டில் வேலையை விட்டார். சொந்தமாக ஒரு பழைய லேத் வாங்கிப் போட்டு, முடிகிற நேரம் ஓட்டலாம் என்று எண்ணம்.

அதற்கு அரியர்ஸைத்தான் நம்பியிருந்தோம். ஜூனில் முதலாளி சுந்தரராஜுலு எல்லோரையும் கூட்டி, "சம்பளம் ஏத்தியாச்சு, ஏப்ரல்ல இருந்து கணக்குப் போட்டுத் தீபாவளிக்கு முன்னால தாரேன்" என்று சொல்லியிருந்தார். ஆகஸ்ட் வரைக்கும் உழைத்தது இவர்தானே, வேறு யாராவதா? லேத் விற்கிற ஜபருல்லா பாயோ, தீபாவளி தாண்டினால் பல்லடத்து ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் ஜபருல்லா பாயோ என்று திக்கென்றது. இவர் வாராவாரம் கம்பெனிக்குப் போவார். "அடுத்த வாரம் பாக்கலாம் பாலு" என்பார் முதலாளி. "சரிங்க, போயிட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்து நிற்பார் இந்த மனுசன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏனுங்க, நீங்க வாரேன் வாரேன்னா, வரட்டும்னுதான அவரும் உக்காந்திருப்பாரு?"

"பின்ன, போறேன்னா சொல்றது? நல்லாவா இருக்கும் புவனா?"

அதுவும் நியாயந்தான். எங்கள் பக்கம் போறேன் என்று யாரும் சொல்லமாட்டோம். சாவு வீட்டிலிருந்து மட்டும் ஒன்றுமே சொல்லாமல் கிளம்புவோம்.

லேபர் ஆபீசில் நானே போய் விசாரித்தேன். வேலையை விட்டாலும், உழைத்த நாளுக்குச் சேரவேண்டியது சேர்ந்தே ஆக வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இவர் கேட்கவேண்டுமே! "உப்பத் தின்ன எடம் புவனா" என்று படுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை நானும் கூடவே கிளம்பினேன். முதலாளி போனிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "வேலைய உட்டுப்போட்டுப் போனவனுக்கு ஏது அரியர்ஸ்? அது இருக்கறவங்களுக்கு."

"ஒழச்சதுக்குத்தானுங்க கேக்கறோம், தர்மமா கேக்கறோம்?" என்றேன். குரல் என்னை மீறி ஏறிவிட்டது. அவர் காதில் வாங்கவேயில்லை.

இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போறேனுங்க."

முதலாளி நிமிர்ந்தார். "என்ன பாலு சொன்ன?"

"போறேனுங்க. லேபர் ஆபீசுக்கு."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. முதலாளி போனைக் கீழே வைத்தார். பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் கணக்குப் பார்த்து, பிடித்தம் இல்லாமல் செக் வந்தது.

"மனசுல வெச்சுக்காத. போயிட்டு வா பாலு" என்றார் முதலாளி, தணிந்த குரலில்.

வழக்கமான பதிலுக்காக நான் இவர் முகத்தையே பார்த்தேன். செக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே சொல்லாமல் வெளியே நடந்தார்.