முழுப் பூசணிக்காயும் நெஞ்சுத்தூளியும்

என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பொய்யர்கள். இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி. தெருவே அவனைத் தொப்பை என்றுதான் கூப்பிடும். அவன் மட்டும் அந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருப்பான். கடைக்குள் யாராவது காலை வைத்தால் போதும், மூச்சைப் பிடித்து நிமிர்ந்துவிடுவான். அவன் பேண்ட்டுக்கு மட்டும் டேப்பை நம்பாமல் பின்னால் பிரித்துவிட வசதியாக நாலு விரல் துணியைக் கூடுதலாக உள்ளே மடித்துவிடுவது என் வழக்கம்.

அவன் மனைவி பஸ் ஓட்டுகிறாள். பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். இன்னும் ஒரு நாள் தள்ளினாலும் அவள் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். குழந்தையோ படுக்கையில் போட்டால் வீல் என்று கத்தும். யார் மேலாவது நிமிர்ந்து சாய்ந்தால்தான் கண் சொருகும். "கடையில நெஞ்சுல கட்டிக்கிட்டே பாத்துக்கறேன்" என்று இவன் வீரம் பேசிவிட்டான். வாங்கி வந்த தூளிப் பையின் வாரோ இவன் இடுப்பைச் சுற்றி எட்டவே இல்லை.

"அக்கா, எனக்குன்னு ஒண்ணு தைச்சுக் குடுங்க. நல்லா இறுக்கமா இருக்கணும்" என்று வந்து நின்றான்.

பெற்ற பிள்ளை விஷயத்திலாவது பொய் சொல்ல மாட்டான் என்று நம்பினேன். டேப் சொன்ன அளவுக்கே தைத்தேன். பழக்க தோஷம், கை மட்டும் உள்ளே துணியை மடித்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவன் கடையில் ஒரே கூட்டம். குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூச்சைப் பிடித்து நின்ற அவன் முகமும் குழந்தையின் முகமும் ஒரே சிவப்பு. மேஜையில் அவன் போன் அடித்தது, மனைவிதான். எடுத்து ஹலோ என்றேன்.

"அக்கா, அழறாளா? வண்டி எடுக்கப் போறேன். வேலைய விட்டுட்டு வந்துடட்டுமா?"

"அது தெருவுல ஏதோ சத்தம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பொய்யர் கூட்டத்தில் நானும் சேர்ந்தாயிற்று.

"டேய் தம்பி, மூச்சை விடுடா."

"விட்டுக்கிட்டுதாங்க்கா இருக்கேன்."

"நெஞ்சு பலகையாட்டம் இருக்கு. பலகையில புள்ள தூங்குமா?"

"மெதுவாக்கா. ஆளுங்க நிக்கறாங்க."

குழந்தை இன்னொரு வீறல் விட்டாள். அவன் ஒரு தரம் வரிசையைப் பார்த்தான், ஒரு தரம் அவளைப் பார்த்தான். "பிரிச்சு விடுங்கக்கா" என்றான்.

குழந்தையை என் தோளில் போட்டுக்கொண்டு அவன் இடுப்பில் டேப்பைச் சுற்றினேன். அத்தனை வருஷம் அடக்கிவைத்த மூச்சை அவன் விட்டான். டேப் என் கையை விட்டே நழுவிப் போயிற்று. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு என் கடைக்கு ஓடி, தையலைப் பிரித்து, உள்மடிப்பை இழுத்துவிட்டு, மறுபடி தைத்துக் கொண்டுவந்து கட்டினேன். அந்தத் தொப்பை மேல் அவள் சட்டமாக உட்கார்ந்தாள். கன்னத்தை நெஞ்சில் சாய்த்தாள். ஜெராக்ஸ் மெஷின் ஓட ஓட, அவன் மூச்சோடு மூச்சாக ஏறி இறங்கித் தூங்கிப்போனாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நானே போன் போட்டேன். "தூங்கிட்டாம்மா. நிஜமாவே தூங்கிட்டா. நீ வண்டிய எடு."

"என் வயித்துல பாலை வார்த்தீங்கக்கா!"

அதே நேரம் மகள் தூக்கத்திலேயே அப்பன் வயிற்றில் நிஜப் பாலைக் கக்கினாள். அவன் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும்போது புது ஆள் ஒருவர் கடைக்குள் வந்தார். அவன் வயிற்றை இழுக்கவில்லை.