ஒரு சாண் குறைந்த மெழுகுவர்த்தி

மாதாவையே ஏமாற்றப் பார்த்தவள் நான். ஒன்பது வயதில், ஒரு செம்பனைத் தோட்டத்தில், பட்டப்பகலில்.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். நாலு வயது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் அப்பா அவனோடு இருந்தார். மருந்து கேட்கவில்லை என்றானதும் அம்மா மாதாவுக்குப் பொருத்தனை செய்தார். நோயாளியின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்து, நடந்தே கொண்டுபோய் ஏற்றுவது எங்கள் ஆட்களின் வழக்கம். கட்டிலில் கிடந்த தம்பியை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து அளந்தார் அம்மா. அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

"ஆடாதடா கண்ணு. அளவு கொறஞ்சா மாதா கேக்க மாட்டாங்க."

எங்கள் ஊர் மந்தினிலிருந்து லிங்கிப் பக்கத்துப் பழைய எஸ்டேட் கோவிலுக்கு மூன்று நாள் நடை. எஸ்டேட் சனமெல்லாம் டவுனுக்குப் போய்விட்டது; மாதா மட்டும் போகவில்லை. திருநாளுக்கு முப்பது பேர் கிளம்பினோம். முன்னால் சிலுவையோடு உபதேசியார், பின்னால் தண்ணீர் வேன். வர்த்தியைக் கூடப்பிறந்தவர்தான் சுமக்க வேண்டும், தரையில் வைக்கக் கூடாது. கூடப்பிறந்தது நான் ஒருத்திதான். பழைய கைலியில் சுற்றி, கைப்பிள்ளையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு நடந்தேன். பெருமை வேறு.

மூன்றாம் நாள் சுவா என்ற ஊரைத் தாண்டியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாதே என்று, ஒரு செம்பனை மரத்தில் வெட்டிய மட்டைகளின் இடுக்கில் வர்த்தியைச் செருகிவிட்டுப் போனேன். "கொஞ்சம் வெரசா நடங்கலா, மழ வரப்போவுது!" என்று உபதேசியார் சத்தம் போட்டார். ஓடிவந்து வெடுக்கென்று இழுத்தேன். மேலே ஒரு சாண் ஒடிந்து, திரியில் தொங்கியது.

அடிப் பாவி! திரியைப் பல்லால் கடித்து அறுத்தேன். துண்டை என் தோள்பைக்குள் பிஸ்கட்டுக்கு அடியில் ஒளித்துவிட்டு, கைலியைப் பழையபடி சுற்றி ஓடினேன்.

அதற்கப்புறம் நடந்தது நடையே இல்லை. அளவு குறைந்தால் மாதா கேட்க மாட்டார். ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'க்கும் கைலியை மேலே இழுத்து ஒடிந்த இடத்தை மூடினேன். சொல்லிவிடலாம் என்று அம்மாவின் அருகில் போவேன். செருப்பில்லாத அவர் காலில் கொப்புளங்கள் உடைந்து தார் ரோட்டில் ஈரம் பதிவதைப் பார்த்ததும் பின்தங்கிவிடுவேன்.

கோவிலுக்கு இரண்டு மைல் இருக்கும்போது சித்தப்பா மோட்டாரில் வந்து நின்றார். தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. அண்ணன் அவனத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு. ஏறுங்க, போவோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால் சுகமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது அப்படித்தானே அனுப்பினார்கள்? ஒரு சாணை மாதா கண்டுகொள்ளவே இல்லை! பெண்கள் அழுதார்கள், சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன். உபதேசியார் பாட்டை நிறுத்திவிட்டார். விட்ட இடத்திலிருந்து நான் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடினேன். ஒருவர்கூட என்னை அதட்டவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அம்மா மோட்டாரில் ஏறவில்லை. "இம்மாந்தூரம் வந்துட்டேன், முடிச்சிட்டு வந்துர்றேன்லா. நீ போய் அண்ணன் கூட இரு" என்றார்.

பீடத்தின் முன்னால் கைலியை அவிழ்க்கும்போது நானே சொல்லிவிட்டேன்.

"அம்மா, ஒரு சாண் ஒடஞ்சிருச்சி. நான்தான் ஒடச்சேன். ஆனா பரவால்லம்மா, தம்பிக்குத்தான் சொகமாயிருச்சே!"

அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அம்மா கையை நீட்டினார்.

"துண்டு எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். பிஸ்கட் தூளை விரலால் தட்டிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். குறை வர்த்தியை ஏற்றிவிட்டு, முழந்தாளிட்டு, உடனே எழுந்துவிட்டார். மூன்று நாள் நடந்து வந்தவர் மாதாவிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

தம்பி வீட்டில் பத்து நாள் இருந்தான். பதினோராம் நாள் அவன் தலைமாட்டில் எரிந்தது அந்த ஒரு சாண் துண்டுதான். என்னால்தான் போனான் என்று வெகுகாலம் நம்பினேன். சித்தப்பா அன்று கொண்டுவந்த சேதி என்ன என்பதை யாரும் எனக்கு உடைத்துச் சொல்லவில்லை, வளர்ந்துதான் விளங்கிக்கொண்டேன்.

அன்று கோவிலிலிருந்து திரும்பும்போது வேனில் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். முந்தானை முடிச்சு கன்னத்தில் உறுத்தியது. அடுத்த வருஷத்துக்குள் தம்பி இன்னும் ஒரு சாண் வளர்ந்துவிடுவான், புது வர்த்தியோடு சேர்த்து ஒட்டத்தான் அம்மா இதைப் பத்திரப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.