பெரியவர் போகக்கூடிய பாதைகள்

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அந்த வீட்டில் பழமொழி தலைகீழாக இருந்தது. நாய் நாள் முழுக்கச் சாவகாசமாகப் படுத்துக் கிடந்தது. நிற்க நேரமில்லாமல் அலைந்தவர் அதை வளர்த்தவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக அதே தொழில். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பம்பரம். தட்டில் சாப்பாடு இருக்கும்போதே எழுந்துபோய்ச் சமையலறைக் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். தூங்கப் போகுமுன் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தரம் ஆட்டுவார். மனைவி துணி திருத்தித் தரும் தையல்காரி. "உங்களை ஓரிடத்துல உட்கார வைக்க ஊசி போதாதுங்க, ஆணிதான் அடிக்கணும்" என்பாள்.

ரத்த அழுத்தத்துக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். பம்பரம் நடந்ததைப் பார்த்தால் பின்னால் யாரோ துரத்துவதுபோல் இருக்கும். திரும்பி வரும்போது அழுத்தம் ஏறியிருந்தது. பார்த்தாள் தையல்காரி. ஒருநாள் நாய்க் காப்பகத்துக்குப் போய், பழுப்பு நிறத்தில், தொங்கு காதோடு, ஓய்வுபெற்ற நீதிபதியின் முகத்தோடு ஒரு கனத்த நாயைக் கூட்டிவந்தாள்.

"இவர் வேகத்துக்கு நீங்க நடங்க. உங்க வேகத்துக்கு இவர் வரமாட்டார்."

அந்த முகத்தை 'வாடா, போடா' என்று கூப்பிட இருவருக்கும் வாய் வரவில்லை. பெரியவர் என்றே பெயர் நிலைத்தது.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை நடைகள் தொடங்கின. ஊரைச் சுற்றிக் குன்றும் காடும் ஏரிக்கரையுமாக எத்தனையோ பாதைகள். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், நாயை அனுமதிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தியவற்றைப் பம்பரம் ஒரு நோட்டில் எழுதினார். அட்டையில் 'பெரியவர் போகக்கூடிய பாதைகள்' என்று தலைப்பு. ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சோதிக்காத பாதையில் அவர் நாயைக் கூட்டிப்போக மாட்டார். வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று தனியாகப் போய் ஒருமுறை முழுவதும் நடந்து பார்ப்பார். "காலி லிஃப்டை ஓட்டிப் பார்க்காம ஆளை ஏத்துவோமா?" என்பது அவர் நியாயம்.

நோட்டில் இருந்ததெல்லாம் இந்த மாதிரி: 'மூன்றாம் கிலோமீட்டரில் இரும்பு ஏணி, நாய் ஆகாது.' 'ஓடை கோடையில் வற்றும், இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம்.' 'ஆடு மேயும் இடம், கயிற்றை அவிழ்க்கக் கூடாது.' 'உச்சிப் பாறை பதினோரு மணிக்கு மேல் பாதம் சுடும்.' அக்கம்பக்கத்தில் நாய் வளர்ப்பவர்கள் அந்த நோட்டை வாங்கிப் படம்பிடித்துக்கொண்டு போவார்கள். உச்சியிலிருந்து என்ன தெரியும் என்று மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை.

அந்த ஞாயிறன்று போன பாதை ஒன்பது கிலோமீட்டர். ஒரு ரயில் நிலையத்தின் பின்பக்கம் ஏறி, குன்றைத் தாண்டி, அடுத்த நிலையத்தில் இறங்கலாம். நடுவில் கால்நடைக்காகப் போட்ட மூன்று மரக்கதவுகள். ஏழு பத்துக்கு ரயில். எட்டரை மணிக்கெல்லாம் முதல் கதவைத் தாண்டிவிட்டார்கள். பெரியவர் ஒவ்வொரு புதரையும் முகர்ந்து, யோசித்து, தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்தார். பம்பரம் நாலடி முன்னே போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார்.

"அவர் ஒன்பது கிலோமீட்டர் நடந்தா நீங்க பதினெட்டு நடக்குறீங்க" என்றாள் மனைவி.

ஒன்பதேகாலுக்கு இரண்டாவது கதவு. பெரியவருக்கு பிஸ்கட் எடுக்கக் கால்சட்டைப் பையில் கையை விட்டவர் அப்படியே நின்றார். கையில் வந்தது பிஸ்கட் இல்லை. சிவப்பு வளையம் போட்ட ஒரு சிறிய சாவி.

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன்மேல் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் மெக்கானிக் உள்ளே கை வைக்க வேண்டும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் பூட்டும் சாவியும் ஒன்றாகக் கருவிப் பைக்குத் திரும்பும். சாவி மட்டும் தனியாக அவர் பையில் இருக்கிறது என்றால், பூட்டு இன்னும் சுவிட்சில் தொங்குகிறது என்று அர்த்தம்.

"என்னங்க, பாம்பா?"

"பூட்டு."

"பூட்டா?"

"எடுக்கலை. டீச்சர் வீட்டு லிஃப்ட்."

அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பதினோரு மாடிக் கட்டடம். ஒன்பதாம் மாடியில் கணக்கு டீச்சர். சக்கர நாற்காலியில் இருப்பவர். மாதத்தின் முதல் ஞாயிறன்று வெளியூரிலிருந்து மகன் காரில் வருவார். பதினோரு மணிக்கு அம்மாவை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார், நாலு மணிக்குக் கொண்டுவந்து விடுவார். மாதத்தில் அந்த அம்மாளுக்கு வெளிக்காற்று அந்த ஐந்து மணி நேரம்தான். அன்று முதல் ஞாயிறு. லிஃப்ட் பழுதாகி ஒன்பது நாளாகியிருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் பம்பரம் பிரேக்கை மாற்றி முடித்தார். முடித்த கையோடு ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பெரியவரின் கயிற்றுக் கொக்கி தேய்ந்திருந்தது காலையிலிருந்தே அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. கடை ஏழு மணிக்கு மூடிவிடும். கொக்கியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று படியிறங்கி ஓடினார். வழியில் டீச்சர் கதவைத் திறந்து கேட்டபோது, "நாளைக்குக் காலையில ஓடும், டீச்சர்" என்று வாக்கும் கொடுத்தார். கடையில் ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்த்து, கடைக்காரரோடு வாதாடி, வாங்கி முடித்தபோது கால் தானாக வீட்டுக்கு நடந்துவிட்டது.

புதுக் கொக்கி பெரியவரின் கழுத்தில் பளபளத்தது.

"ஃபோன் பண்ணுங்களேன்."

"இங்க சிக்னல் கிடையாது. உச்சியிலதான். நோட்டுலயே எழுதியிருக்கேன்."

"உச்சிக்குப் போய்ப் பண்ணுங்க. காவலாளி உடைக்கட்டும்."

"அடுத்தவன் பூட்டை உடைக்கக் கூடாது. நான் ஓட்டிப் பார்க்காத லிஃப்ட் அது. உடைச்சு, ஆன் பண்ணி, அந்தம்மாவை உள்ள ஏத்தி..." சாவியை உள்ளங்கையில் புரட்டினார். "ரூல்படி மேனேஜர் வந்து பார்த்துத்தான் வெட்டணும். ஞாயித்துக்கிழமை அவரைப் பிடிக்கிறதுக்குள்ள நாலு மணி ஆயிடும்."

திரும்பி நடக்கலாம் என்று கயிற்றை இழுத்தார். பெரியவர் உட்கார்ந்தார். இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகவே இழுத்தார். பெரியவர் படுத்துவிட்டார்.

"அவரை ஏன் இழுக்குறீங்க? மறந்தது அவரா?"

பம்பரம் கயிற்றை விட்டார். மனைவி அதை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"நீங்க போங்க. நாங்க மெதுவா அந்தப் பக்கம் இறங்கி வர்றோம்."

"உனக்கு வழி தெரியாதே!"

"நோட்டைக் குடுங்க. நாய்க்கே புரியுற மாதிரிதானே எழுதி வச்சிருக்கீங்க."

"மூணாவது கதவுல கீழ்க்கம்பி துருத்திட்டிருக்கு. பெரியவர் வயிறு—"

"போங்கன்னா!"

முதல்முறையாக ஒரு பாதையில் நாயில்லாமல் இறங்கினார். வியாழக்கிழமைகளில் தனியாக நடந்தது வேறு, அது வேலை. இப்போது இடது கை காலியாக ஆடியது. நாலு கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாக வந்து, நிலையத்தின் வளைவில் திரும்பியபோது ஒன்பது ஐம்பத்தைந்து ரயிலின் கடைசிப் பெட்டி நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்தது பத்து ஐம்பத்தைந்து.

நடைமேடையில் அந்த முனைக்கும் இந்த முனைக்குமாக நடந்தார். ஃபோனில் சிக்னல் வந்ததும் கட்டடக் காவலாளியைப் பிடித்தார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? டீச்சர் எட்டு மணிக்கே ஷூ மாட்டி உட்கார்ந்துட்டாங்க. அவங்க பையனும் சீக்கிரமே வந்துட்டார். நானும் அவரும் நாற்காலியோட தூக்கி இறக்கலாம்னு பார்த்தா, ஒரே அதட்டு. அலமாரியைத் தூக்குற மாதிரி தன்னைத் தூக்கக் கூடாதாம்."

"பூட்டைத் தொடாதே. வந்துட்டிருக்கேன்னு சொல்லு."

"எங்க வர்றீங்கன்னு கேட்டா?"

"மலையிலேருந்து, நாயை விட்டுட்டு வர்றேன்னு சொல்லு."

ரயிலில் இடமிருந்தும் உட்காரவில்லை. சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது. கட்டடத்தை அடைந்தபோது பன்னிரண்டு மணி. மெஷின் அறை உச்சியில், பதினோரு மாடியையும் படியேற வேண்டும். ஒன்பதாவதில் டீச்சர் நடைபாதையிலேயே நாற்காலியில் இருந்தார். தலையில் வெயில் தொப்பி, மடியில் கைப்பை. சுவரில் சாய்ந்து நின்ற மகன் வாட்சைப் பார்த்தார்.

"டீச்சர், மன்னிச்சி—"

"மன்னிப்பெல்லாம் கீழ போய்க் கேட்டுக்கலாம். மேல போய் வேலையைப் பாருங்க. ஒரு மணி நேரம் போயாச்சு."

மெஷின் அறையில் அவர் பூட்டு விட்ட இடத்திலேயே தொங்கியது. திறந்தார். அவசரம் கழுத்தைப் பிடித்துத் தள்ளியும், காலி லிஃப்டை இரண்டு முறை மேலும் கீழும் விட்டுப் பிரேக்கைப் பார்த்தார். மூன்றாவது முறை தானே ஏறி ஒன்பதில் நிறுத்தி, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் உள்ளே வந்தார். ஆறாம் மாடி தாண்டும்போது தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"மலையில நாயை விட்டுட்டு வந்தீங்களாமே?"

"வீட்டுக்காரி கூட இருக்கா, டீச்சர்."

"அப்ப நாய்க்குக் கவலையில்லை."

தரைத்தளத்தில் மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் போனார். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பன்னிரண்டரை மணி.

மனைவியும் பெரியவரும் வீடு வந்து சேர்ந்தபோது ஐந்தாகிவிட்டது. அதற்குள் பம்பரம் பதினான்கு முறை ஃபோன் செய்ததில் ஒரு முறைதான் இணைப்புக் கிடைத்தது. அப்போதும், "கம்பியைத் தாண்டியாச்சு, வச்சிடுங்க" என்று மட்டும் கேட்டது. பெரியவர் நேராகத் தன் பாயில் போய் விழுந்தார். பம்பரம் அவருடைய நாலு பாதத்தையும் தூக்கிப் பார்த்தார். காயமில்லை.

நோட்டைப் பிரித்தார். அவருடைய வரிகளுக்குக் கீழே தையல்காரியின் சாய்ந்த கையெழுத்து: 'உச்சியில் நிழலான ஒரு பாறை உண்டு. உட்கார்ந்தோம். நம்ம தெரு தெரிகிறது. டீச்சர் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது.'

"எவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்க?"

"பார்க்கலை."

"ஒரு அரை மணி?"

"பார்க்கலைன்னு சொன்னேனே."

வியாழக்கிழமை தனியாக அங்கே போனவர்தான் அவர். அந்தப் பாறையைப் பார்த்த ஞாபகமே இல்லை. உட்கார்ந்து யோசிக்கலாம் என்று நாற்காலியை இழுத்தார். பாதி உட்கார்ந்தவர் எழுந்து, கருவிப் பையைத் திறந்து பார்த்தார். பூட்டு இருந்தது. சாவி அதிலேயே இருந்தது. பையை மூடினார்.

"இருக்கா?" என்றாள் மனைவி, நூலைக் கோத்துக்கொண்டே.

"இருக்கு."

"அப்ப உட்காருங்க."

உட்கார்ந்தார். பெரியவர் ஒரு கண்ணைத் திறந்து, அவர் இந்த முறை எவ்வளவு நேரம் தாங்குவார் என்று பார்த்தார்.