கிளேடியின் மணிக்குள் ஒரு பெயர்

என் தம்பி மேனஸ் கில்லெஸ்பி போரில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. 'கிளேடி' என்ற காவல் கப்பலின் அடித்தளத்தில், கொதிகலன் பக்கத்தில் நின்று வெந்தவன். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குத் துணையாகப் போவதும், எங்கள் ஊரான டெர்ரியின் துறைக்குத் திரும்புவதும்தான் அந்தக் கப்பலின் பிழைப்பு.

1943 நவம்பரில், கப்பல் துறையில் நின்றபோது, அவன் மனைவி டெலியாவுக்குப் பெண் பிறந்தது. கையளவு குழந்தை. ஊனா என்று பெயர் வைத்தார்கள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்புது. நம்ம கோயில்ல ஞாயித்துக்கிழமைதான் ஞானஸ்நானம். பாக்காமலே போகச் சொல்றியா?"

"பொறுடா. திரும்பி வந்து குடு."

"திரும்பி வருவேன்னு எழுதித் தர்றியா?"

"எனக்கு எழுத வராதுன்னு தெரிஞ்சுதானே கேக்குற, கழுத!"

கப்பற்படையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் மணியை வாய் மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்து, அதில் நீர் ஊற்றி, மாலுமியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பெயரை மணியின் உட்புறத்தில் வெட்டி வைப்பார்கள். கிளேடியிலும் அப்படியே நடந்தது; குழந்தையை ஏந்தியவள் நான். ஞானத்தாயும் நானே. சமையலறையிலிருந்து வெந்நீர் வந்தது. கப்பற்படைப் பாதிரியார் ஆங்கிலேயச் சபைக்காரர், எங்களைப் போலக் கத்தோலிக்கர் அல்ல; சளிபிடித்த மூக்கு. "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்று அவர் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். பெயரைப் போகும் வழியில் வெட்டுவதாக வில்ஃப் என்ற இயந்திரக்காரன் சொன்னான்.

கப்பல் ஜிப்ரால்டர் பக்கம் இருந்தபோது குழந்தை இறந்தது.

எங்கள் பங்குச் சாமியார் குடும்பக் கல்லறையில் இடம் தர மறுத்தார். "மணியில தண்ணி ஊத்தினா ஞானஸ்நானமா? சான்றிதழ் எங்க?"

"பாதிரியாரையே திருகோணமலைக்கு மாத்திட்டாங்க, ஃபாதர். ஆனா நான் பக்கத்துல நின்னேன். கேட்டேன்."

"தன் பேரையே எழுதத் தெரியாதவ நீ. அவர் சொன்னது சரியான வார்த்தைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையின் பெட்டி ஒன்றில் குழந்தையை வைத்து, வேலிக்கு வெளியே, ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைப் போடும் முள்கரையில் என் அப்பா தனியாகப் போய்ப் புதைத்தார். அடையாளத்துக்கு ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்றார்கள்.

திரும்பி வந்த மேனஸ் அழவில்லை. "மணியில பேரு இருக்கு. அத சாட்சியா காட்டி, புள்ளைய உள்ள கொண்டுவந்து சேக்கணும்" என்றான். மணியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவரக் கப்பல் தலைவர் அனுமதிக்கவில்லை. "கப்பலுக்கு வந்து பாக்க எனக்கு நேரமில்ல" என்றார் சாமியார். நாற்பத்தைந்து ஜனவரியில் நீர்மூழ்கி ஒன்று கிளேடியின் பின்பக்கத்தைப் பிய்த்தது. பதினோரு பேர் செத்தார்கள், வில்ஃபும் அதில் ஒருவன். போர் முடிந்து கப்பலை உடைத்து விற்றார்கள். மணி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

எரிவாயு ஆலையில் வேலை செய்துகொண்டே மேனஸ் கடிதம் போட்டான், வருஷக்கணக்கில். கடைசியில் லண்டனிலிருந்து கப்பலின் சேவை வரலாறு என்று ஒரு தாள் வந்தது. எத்தனை பயணம், எந்தக் கப்பல் கூட்டம், எங்கே எண்ணெய் நிரப்பியது, எல்லாம் அதில் இருந்தது. நவம்பருக்கு நேரே ஒரு வரி: 'துறையில் நின்றது. கொதிகலன் சுத்தம்.'

"பாத்தியா அக்கா, எம்பொண்ணோட ஞானஸ்நானத்தன்னிக்குக் கொதிகலன் சுத்தம் பண்ணாங்களாம்!" என்று சிரித்தான். டெலியா சிரிக்கவில்லை. அவள் ஐம்பத்தொன்பதாம் வருஷம் போய்ச் சேர்ந்தாள். குடும்பக் கல்லறையில் தன் பக்கத்தில் ஊனாவுக்கு ஒரு முழம் விட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அறுபத்தாறில் பழைய கப்பல்காரன் ஒருவன் துப்புக் கொடுத்தான். தென் இங்கிலாந்தில் ஒரு படகுச் சங்கத்து மதுக்கடையில் மணி தொங்குகிறதாம். மேனஸ் போனான்.

"பெரியவரே, மணி அடிச்சா கடையில இருக்கற எல்லாருக்கும் நீங்கதான் வாங்கித் தரணும்" என்றானாம் கடைக்காரன்.

மேனஸ் மணியின் நாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டுத் தடவினான். பெயர் இருந்தது. தேதியும் இருந்தது. சேவை வரலாற்றுத் தாளைத் திருப்பி, உள்ளே அழுத்திப் பிடித்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டான்.

அதற்குள் எங்கள் பங்குக்கு ஒரு இளஞ்சாமியார் வந்திருந்தார். தாளைப் பார்த்துவிட்டு மேனஸைப் பார்த்தார். "இது எதுக்குங்க? யார் தண்ணி ஊத்தினாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான். உங்க அக்கா சொன்னதே அன்னிக்குப் போதுமே."

மேனஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "சரி ஃபாதர். அப்ப புள்ளைய எடுத்து அவ அம்மா பக்கத்துல வைக்கலாமா?"

சாமியாரும் அவனும் நானும் முள்கரைக்குப் போனோம். எத்தனை பிள்ளைகள் அங்கே கிடக்கின்றனவோ! அப்பா செத்துப் பதினைந்து வருஷம். எந்த இடம் என்று காட்ட ஆளில்லை. எதைத் தோண்டுவது?

சாமியார் எலுமிச்சைச் சாறு வந்த ஒரு பாட்டிலிலிருந்து தீர்த்தம் எடுத்துக் கரை முழுவதும் தெளித்தார். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா, ஃபாதர்?"

"அவ்வளவுதான், மேனஸ். இனி இது மந்திரிச்ச மண், உள்ள இருக்கற கல்லறை மண் மாதிரியே."

"இத அந்த ஆளு அன்னிக்கே பண்ணியிருக்கலாமில்ல?"

சாமியார் பாட்டிலை மூடினார். மேனஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தான். அதன்பின் கோயில் வாசலை அவன் மிதிக்கவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் அவன் இறந்தபோது, டெலியா பக்கத்தில் வைக்கலாம் என்றார்கள். முடியாது என்றேன். அந்த முழம் காலியாகவே கிடக்கட்டும் என்று அவன் என்னிடம் சொல்லியிருந்தான். முள்கரையில்தான் புதைத்தோம்.