காரின் அடியில் நிமிர்ந்து நின்றவர்

உலகச் சண்டை முடிந்து பெட்ரோல் மறுபடியும் ஓரளவுக்குக் கிடைக்கத் தொடங்கியிருந்த சமயம். என் வீட்டுக்காரர் திருத்தணியில் ஒரு பழைய பிளஷர் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடுவார். கல்யாணம் காட்சி என்றால் ஆர்.கே.பேட்டை, திருவாலங்காடு வரைக்கும் போவார். ரிப்பேரும் அவரேதான். வீட்டை ஒட்டியிருந்த கார் ஷெட்டில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்துவிடுவார். வெளியே இரண்டு பாதங்கள்தான் தெரியும். சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் நான் அந்தப் பாதத்தைத்தான் தட்டுவேன்.

ஒரு நாள் ஜாக்கி சரிந்துவிட்டது.

சத்தம் கேட்டு நான் அடுப்பை விட்டு ஓடி வந்தபோது கார் அவருடைய வலது காலின் மேல் உட்கார்ந்திருந்தது. தெருவே கூடித் தூக்கியது. வேலூரில் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. நீட்டின கால் நீட்டினபடியே நின்றுவிட்டது.

அதோடு கார் ஓட்டுவது போயிற்று. கீழே படுத்து எழுந்திருக்கவும் முடியாது. கொஞ்சம் நிலம் இருந்ததால் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அவர் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. ஷெட்டுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரோட்டில் பஸ் ஏதாவது போனால் மட்டும் தலை லேசாகத் திரும்பும். "பின்னாடி பேரிங் போயிடுச்சு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். யாரிடமும் சொல்வதில்லை. எனக்கு மட்டும் கேட்கும்.

மெட்ராஸில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்த என் தம்பி ஊருக்கு வந்திருந்தபோது அவனைச் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் இதைச் சொன்னேன்.

"அக்கா, தரையில புதைக்கிற லிப்டு ஒண்ணு இருக்குது. ராணுவ டிப்போவுல வேணாம்னு வித்துகினு இருக்கறாங்க. கையால பம்பு அடிச்சா ஆயில் உள்ள போயி காரை அப்படியே மேல தூக்கும். பாவா நின்னுகினே வேலை பாக்கலாம்." என் வீட்டுக்காரரை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"எடுத்துகினு வந்துடு" என்றேன். அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

ரயிலில் வந்த அந்தச் சாமான், ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வீட்டுக்கு வந்தது. ஆள் உயரத்துக்கு மேலே நீளமான ஒரு இரும்பு சிலிண்டர். அதற்குள்ளிருந்து எழும்பும் ஒரு தூண். தூணின் தலையில் காரைத் தாங்க நாலு கைகள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிணறு வெட்டுகிற ஆட்கள் ஷெட்டின் நடுவில் பள்ளம் தோண்டினார்கள். இடுப்பளவுக்குக் கீழே பாறை. மலையடி ஊரில் வேறென்ன இருக்கும்? வீட்டுக்குள் வெடி வைக்க முடியாதென்று உளியாலேயே உடைத்தார்கள். முடிக்கிற நேரத்தில் பாறை இடுக்கிலிருந்து ஊற்று கசிந்தது. வாளியால் இறைத்துப் போட்டுவிட்டு, மூன்று சவுக்குக் கழிகளைக் கூட்டிக் கட்டி, செயின் கப்பியில் சிலிண்டரைத் தொங்கவிட்டு உள்ளே இறக்கினார்கள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பள்ளம் நிறையத் தண்ணீர். சிலிண்டர் ஒரு முழம் மேலே எழும்பிச் சாய்ந்து நின்றது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது.

"காலியா எறக்குனா மெதக்காம இன்னா பண்ணும்?"

பின்னாலிருந்து குரல். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். விபத்துக்குப் பிறகு ஷெட்டுக்குள் அன்றுதான் கால் வைத்தார்.

"எப்படியும் ஆயில் ஊத்தத்தானே போற? இப்பவே ஊத்துடா. கனம் வந்தா தானா உக்காந்துக்கும்."

உட்கார்ந்தது. அன்றைக்கு நாற்காலி ஷெட்டுக்குள் வந்தது. தூக்குக் குண்டு பிடித்து நேர் பார்ப்பது, சிமென்டும் ஜல்லியும் கலந்து சுற்றிப் போடுவது எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். "எடது பக்கம் ஒரு விரல் சாயுது பாரு." "அவசரப்படாதே, தண்ணி கம்மியா ஊத்து." புதுத் தரை காயாமலிருக்க நான் ஈரச் சாக்கு போட்டு நனைத்துக்கொண்டிருந்தபோதுகூட, "அந்த மூலை காய்ஞ்சுகினு வருது மே" என்றார். அவர் என்னை அதட்டி எவ்வளவு காலமாயிற்று! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கடைசியில் காரைத் தள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் நிறுத்தினோம். தம்பி பம்பு அடித்தான். கார் ஆடாமல் அசையாமல், ஏதோ தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி மெதுவாக எழும்பியது. ஆள் உயரத்துக்கு மேலே போனதும், ஆயில் இறங்கினாலும் கார் இறங்காதபடி ஒரு இரும்புக் காலைக் கொடுத்துப் பூட்டினான்.

"போங்க பாவா" என்றான்.

அவர் போகவில்லை. ஓரடி எடுத்து வைத்தார், நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. அவர் மேல் விழுந்த கார்தானே அது. நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை. "அப்பறம் பாத்துக்கலாம்" என்று திரும்பினார்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் போய்க் காருக்கு அடியில் நின்றுவிட்டேன்.

"ஏம்மே! பைத்தியமா உனக்கு? வெளியே வா!"

"வரமாட்டேன்."

"சொன்னா கேளு, வா மே!"

"நீங்க வந்து கூட்டிகினு போங்க."

தம்பி பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். காலை இழுத்து இழுத்து வந்து என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அவர் கை ஜில்லென்றிருந்தது. இழுக்கப் போனவர், தற்செயலாக மேலே பார்த்தார்.

காரின் அடிவயிறு முழுக்க அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. இத்தனை வருஷமும் மூக்கை உரசுகிற தூரத்தில், அரை வெளிச்சத்தில் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிடியின் இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. கையை மட்டும் விடவில்லை.

"இந்த ஸ்பிரிங் பட்டா ஒடைஞ்சிருக்குது பாரு" என்றார். பிறகு தம்பியிடம், "டேய், ஸ்பேனர் குடு."

"ஆங், பாவா" என்றான் அவன். ஸ்பேனரோடு ஓடி வந்தான்.

அதற்கப்புறம் ஊரிலிருந்த பஸ் முதலாளிகள் தங்கள் சொந்தக் கார்களையும் வாடகைக் கார்களையும் எங்களிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் ஷெட்டுக்கு வெளியே வரிசை நிற்கும். தம்பி மெட்ராஸுக்குப் போய்விட்டதால் பம்பு அடிப்பது என் வேலையானது. என்ன இது, பொம்பளை பம்பு அடிக்கிறாளே என்று முதலில் வேடிக்கை பார்த்தவர்கள், போகப் போக, "அம்மா, கொஞ்சம் ஏத்துங்க" என்று என்னிடமே வந்து சொன்னார்கள்.

உள்ளங்கை கொப்பளித்து, காய்த்துப்போயிற்று. வேலை முடிந்ததும் அவர் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்து என் கையை மடியில் வைத்துத் தேய்ப்பார். அவருடைய விரல் ரேகைகளில் எப்போதும் கிரீஸ் கருப்பு இருக்கும்.

"உன் கையும் என் கை மாதிரி ஆயிடுச்சே மே."

"ஆவட்டும்" என்று சொல்லி மற்றக் கையையும் நீட்டுவேன்.