கஞ்சிக் கோப்பையின் மூடி

முப்பது வருசம் கற்பிட்டி–கொழும்பு பஸ் ஓட்டினேன். இந்த நோன்புக்குக் கொஞ்சம் முந்தித்தான் ஓய்வெடுத்தேன். அந்தக் கிழமை, உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிற என் மகள் ஒரு கதை சொன்னாள். ஓடுகிற ஆளுக்கு நேரம் மெதுவாகப் போகுமாம்.

“வீட்டிலேயே இருந்த உம்மாவைவிட உங்களுக்குக் காலம் குறைவாத்தான் போயிருக்கு, வாப்பா.”

“எவ்வளவு?”

கணக்குப் போட்டாள். கண் சிமிட்டுகிற நேரத்தில் இலட்சத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. “இதுக்கா ஒரு கொப்பித் தாளை வீணாக்கினாய்?” என்று எரிந்து விழுந்தேன்.

மனைவியிடமும் அப்படித்தான். நோன்பு நாட்களில் பள்ளிவாசலில் அந்திப் பாங்கு சொன்னதும் அவள் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறப்பாள். கஞ்சியை மட்டும் மூடி வைத்துவிட்டு, சந்தியில் என் பஸ்ஸின் ஹோர்ன் கேட்கும்வரை காத்திருப்பாள். “ஆறின கஞ்சி குடிக்க உனக்கென்ன பைத்தியமா?” என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்!

இந்த வருசம் முதல் நோன்பு. பாங்கு சொன்னது. அவள் தண்ணீர் குடித்தாள். கஞ்சி மூடியபடியே இருந்தது. நான் எதிரே கதிரையில் இருக்கிறேன், அவளுடைய காது ரோட்டில் இருக்கிறது.

ஏச வாயெடுத்தபோது மகளின் கணக்கு நினைவுக்கு வந்தது. எனக்குக் குறைந்து இவளுக்குக் கூடிப்போன அந்தத் துளி நேரம் இந்த மூடிக்குப் பக்கத்தில்தான் கழிந்திருக்கிறது.

வாயாலேயே ஹோர்ன் அடித்தேன். திடுக்கிட்டுத் திரும்பியவள் சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவளுடைய கஞ்சி ஆறவில்லை.